மல்லாந்து பார்த்த லண்டன்

1992ஆம் ஆண்டு, ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. காலை ஆறரை மணிக்குத் தென் லண்டனில் உள்ள சட்டனிலிருந்து புறப்பட்டேன். போகவேண்டிய ஊர் கிழக்கு லண்டனில் இருக்கும் பார்க்கிங். ஏறக்குறைய இருபது மைல். அங்கே என் தம்பி தயாபரனுக்குப் பத்து மணிக்கு முகூர்த்தம். இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அந்த இருபது மைலையும் நான் மல்லாந்து படுத்தபடி கடந்தேன்.

முதுகில் அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சிறிது நேரம் நிற்கலாம், நாலடி நடக்கலாம், உட்காரக் கூடாது. தம்பி கல்யாணத்தைத் தள்ளிவைக்கிறேன் என்றான். "நான் வராட்டி என்ன, நீ தாலியைக் கட்டு" என்று ஏசிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். இந்த நாட்டில் அவனுக்கு இரத்த உறவென்று இருப்பது நான் ஒருத்திதான்.

எங்கள் தெருவில் குடியிருந்த மன்னார்க்காரர் பிலிப் அண்ணை இதைக் கேள்விப்பட்டு வந்தார்.

"பிள்ளை, என்ரை காரிலை கட்டில் இருக்கு. வந்து படும், நான் கொண்டுபோறன்."

அது ராம்ப்ளர் அமெரிக்கன், 1962ஆம் ஆண்டு வண்டி. நாடு திரும்பிய ஓர் அமெரிக்கரிடம் வாங்கியது. இளம்பச்சை நிறம், பெட்டி போன்ற உடம்பு. சிக்கனக்காரர்களுக்கென்று அந்த நாட்டில் செய்த சின்னக் கார். சட்டன் தெருவில் அப்படியொன்றும் சின்னதாகத் தெரியவில்லை. கியர்த் தடி ஸ்டியரிங்கின் கழுத்தில் இருந்தது. ஹெட்லைட்டைத் தாழ்த்த, தரையில் உள்ள பொத்தானைக் காலால் மிதிக்க வேண்டும். முன்சீட்டு பெஞ்சு மாதிரி நீளமான ஒரே வாங்கு. சாய்மானம் மட்டும் இரண்டாகப் பிரிந்திருந்தது. பிலிப் அண்ணை வலப்பக்கச் சாய்மானத்தைப் பின்னால் தள்ளினார். அது மெல்ல இறங்கிப் பின்சீட்டோடு சமமாகப் படுத்தது. மேலே மெத்தை விரித்தார். நெடுந்தூரம் போகிற அமெரிக்கக் குடும்பங்கள் வழியில் தூங்குவதற்காக அப்படிச் செய்ததாம். டாக்டரிடம் நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

லண்டனுக்கு வந்து எட்டு வருஷம். அதற்கு மேல்பாதி ஒன்று இருப்பது அன்றுதான் தெரிந்தது. எனக்குத் தெரிந்த கடைகளெல்லாம் மறைந்து, அவற்றின் தலைகள் மட்டும் கார்க் கண்ணாடியில் மிதந்து வந்தன. புகைபோக்கிகள், அன்டெனாக்கள், திரையை விலக்கித் தலை வாரிக்கொண்டிருந்த ஒரு பெண். டூட்டிங்கில் மளிகைக் கடைக்கு மேலே கல்லில் செதுக்கிய திராட்சைக் குலைகள் இருந்தன. அவற்றின் கீழே நின்று எத்தனை முறை கத்தரிக்காய் வாங்கியிருப்பேன்!

ஸ்டியரிங் இடப்பக்கம். இந்த நாட்டுத் தெருவில் முன்னே போகும் வண்டியைத் தாண்ட, வலப்பக்கம் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். வலப்பக்கம் இருந்தது நான்.

"பிள்ளை, எதிரிலை ஏதும் வருதோ?"

"எனக்கு வானம்தான் தெரியுது அண்ணை."

"வானத்திலை என்ன வருது?"

"ஒரு சிவப்புப் பஸ்ஸின்ரை தலை."

"அப்ப பொறுப்பம்."

தெருக்கூட்டும் வண்டி ஒன்றின் பின்னாலேயே கிளாப்ஹாம் வரை ஊர்ந்தோம். சிக்னலில் பக்கத்தில் நின்ற பஸ்ஸின் மேல்தட்டிலிருந்து தொப்பி வைத்த ஒரு மாது என்னைக் குனிந்து பார்த்தாள். அவள் கண்டது, அசையாமல் படுத்திருக்கும் ஒரு பட்டுச் சேலை, நெற்றியில் பொட்டு, வயிற்றின்மேல் கோத்த கைகள். மெதுவாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் கையை அசைத்தேன். துள்ளிப் பின்வாங்கினாள்.

எலிபன்ட் அன்ட் காசில் அருகே மழை பிடித்தது. ராம்ப்ளரின் வைப்பர் எஞ்சின் உறிஞ்சும் காற்றில் ஓடுவது. வேகம் கூட்டினால் தூங்கிவிடும். மிதியிலிருந்து காலை எடுத்தால் விழித்துத் துடைக்கும். பார்த்துப் போவதா, விரைந்து போவதா, ஒன்றுதான் எங்களுக்கு வாய்த்தது.

எட்டரை மணிக்கு டவர் பிரிட்ஜ். இரு கோபுரங்களையும் உச்சியில் இணைக்கும் நடைபாதைகள் என் நெற்றிக்கு நேரே, மழைப் புகைக்குள் கடந்துபோயின. ஆற்றை நான் காணவில்லை. கட்டிடங்கள் விலகி, வெளிச்சம் அகன்று, கடற்பறவைகள் கீழிருந்து மேலே எழுந்து வந்தன. கீழே தண்ணீர் இருக்கிறது என்று அவற்றால்தான் தெரிந்தது. நோய், முகூர்த்தம், நேரம் எல்லாம் என்னை விட்டுக் கழன்றுவிட்டன. இந்தப் பாலம் இப்படியே நீண்டுகொண்டு போகட்டும் என்று இருந்தது.

ஒன்பதரைக்குப் பார்க்கிங். மண்டபம் மாடியில். லிப்ட் உண்டென்ற நம்பிக்கையில்தான் அத்தனை தூரம் வந்தோம். சமையலுக்காக முதல் நாளே வந்திருந்த என் கணவர் வெளியே ஓடி வந்தார்; முகத்திலேயே செய்தி இருந்தது.

"லிப்ட் நிண்டுபோச்சு. ஞாயிற்றுக்கிழமை, திருத்த ஆள் இல்லையாம்."

தூக்கிப் போகலாமென்று நாலு பேர் வந்தார்கள். படிக்கட்டு ஒடுக்கம், இரண்டு இடத்தில் வளைந்தது. நானே வேண்டாமென்றேன். "நீங்கள் மேலை போங்கோ. மாப்பிள்ளை பக்கத்திலை ஆள் வேணும்."

பிலிப் அண்ணை வாசல் ஓரம் ஒதுங்கி நின்றார். மழை கூரையில் பொழிந்தது. பத்து மணிக்குப் பிறகு மாடி யன்னலிலிருந்து கெட்டிமேளம் கேட்டது. தாலி ஏறுகிறது. இருபது மைல் வந்தும் இருபது படி ஏற முடியவில்லை. மல்லாந்து அழுதால் கண்ணீர் காதுக்குள் போகும்.

அப்போது கார்க் கதவு திறந்தது. தம்பி குடையோடு நின்றான். பக்கத்தில் கூறைச் சேலையும் மாலையுமாக அவன் மனைவி சுபா, கையில் தட்டம்.

"அக்கா, முதல் அறுகரிசி நீங்கள்தான் போடவேணும்" என்றான் தம்பி.

அறுகம்புல்லும் அரிசியும் சேர்த்து மணமக்கள் தலையில் தூவி வாழ்த்துவது எங்கள் வழக்கம். இருவரும் தலையைக் காருக்குள் நீட்டினார்கள். தூவினேன். பாதி அரிசி என் முகத்திலேயே கொட்டியது. மூவரும் சிரித்தோம். தம்பி மாடிக்குப் போகத் திரும்பினான். சுபா திரும்பவில்லை.

"மச்சாள், மற்றச் சீட்டும் இப்பிடிப் படுக்குமோ?"

பிலிப் அண்ணை வந்து இடப்பக்கச் சாய்மானத்தையும் தாழ்த்தினார். அவள் மாலையைக் கழற்றி ஸ்டியரிங்கில் போட்டுவிட்டு என் பக்கத்தில் நீட்டி நிமிர்ந்து படுத்தாள்.

"விடியமுன்னம் எழுப்பிப்போட்டினம். அஞ்சு நிமிஷம் மச்சாள்."

"சுபா, மேலை ஆக்கள் பாத்துக்கொண்டு நிக்கினம்" என்றான் தம்பி.

"குடையைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

உண்மையாகவே தூங்கிவிட்டாள். அவளுடைய வளையல் கை என் கையின்மேல் கிடந்தது. யாழ்ப்பாணத்தில் என்றால் பந்தல் தரையில் இருந்திருக்கும்; என்னை முன்வரிசையில் கிடத்தியிருப்பார்கள். ஆனால் புதுப்பெண்ணோடு தனியே இப்படிப் படுத்திருக்க யார் விட்டிருப்பார்கள்?

அவள் எழுந்து போனபின் பிலிப் அண்ணை சீட்டை நிமிர்த்த வந்தார். அந்த இடம் இன்னும் சூடாக இருந்தது. மல்லிகையும் அரிசியும் சிதறிக் கிடந்தன.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை" என்றேன்.

அவர் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு மறுபடியும் வாசல் ஓரம் போய் நின்றார்.