துப்பாக்கிக்கு அளவு கொடுத்த தையல்காரம்மா

நாகல் நகரில் செபாஸ்தியம்மாளின் தையல் கடை வாசலில் ஒரு பலகை தொங்கும்: 'அளவெடுத்துத் தைத்துத் தரப்படும்.' அந்தப் பலகைக்குக் கீழே ரெடிமேட் சுடிதாரோடு வந்து நின்று, "அக்கா, இடுப்புல மட்டும் கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க" என்று யாராவது கேட்டால் அர்ச்சனைதான்.

"ஊர்ல இருக்க அம்புட்டுப் பேருக்கும் ஒரே இடுப்பா? எவளோ ஒருத்தி உடம்புக்குத் தச்சத வாங்கிட்டு வந்து எங்கிட்ட ரிப்பேர் பாக்கச் சொல்றியே, நல்லாருக்கா?"

இவ்வளவும் சொல்லிவிட்டு இடுப்பைப் பிடித்துத்தான் கொடுப்பார். அந்தக் கடைக்கு இப்போது கஞ்சி ஊற்றுவதே ஆல்டரேஷன்தான்.

இப்படிப்பட்டவர் தனக்கென்று ஒரு துப்பாக்கி வேண்டும் என்ற கட்டம் வந்தபோது, மலிவு ஏர்கன்னை ஆல்டர் பண்ணிக்கொள்வதா, அளவு கொடுத்துப் புதிதாகச் செய்து வாங்குவதா என்று எட்டு மாதம் யோசித்தார். ஊருக்குத்தானே உபதேசம். எட்டு மாதமும் தேய்ந்தது என் காதுதான்.

நான் மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவன். இப்போது ரைபிள் கிளப்பின் செயலாளர். கிளப் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். ஆத்தூர் போகும் வழியில் ஒரு தென்னந்தோப்பு, அதன் ஓரத்தில் தகரக் கூரை, பத்து மீட்டர் தள்ளி அட்டை மாட்ட ஒரு சுவர், அவ்வளவுதான். என் துப்பாக்கி மட்டும் என் கை நீளம், கழுத்து நீளம் எல்லாம் பார்த்து எனக்கென்றே செய்தது. அதை வைத்துக்கொண்டு நானூறுக்கு முந்நூற்றுப் பத்தை நான் ஒரு நாளும் தாண்டியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை.

அந்தம்மா கிளப்புக்குள் வந்ததே எனக்குக் கோட்டு தைக்கத்தான். சுடுகிறவர்கள் போடும் கெட்டிக் கான்வாஸ் கோட்டு கடையில் கிடைக்கும். என் தொப்பைக்குத்தான் கிடைக்காது. "துப்பாக்கி பிடிச்சு நின்னா முழங்கை எப்பிடி மடங்குதுன்னு பாக்கணும் சார்" என்று தோப்புக்கே வந்துவிட்டார். நான் நின்று காட்டியது போதவில்லை. கையில் வாங்கித் தானே பிடித்துப் பார்த்தார், இடது தோளில் வைத்து. மாற்றிப் பிடியுங்கள் என்று நான் வாயைத் திறப்பதற்குள் குதிரையை இழுத்துவிட்டார். அட்டையில் பத்துக்கு ஒன்பது. வாழ்க்கையில் முதல் குண்டு. நான் கோட்டை மறந்துபோனேன்.

அவர் பிறவி இடக்கைக்காரர். சிலுவை போடும்போது இடது கை எழுந்தால் அம்மாவின் கிள்ளு, எழுதும்போது எழுந்தால் டீச்சரின் ஸ்கேல். கடையில் மீதிச் சில்லறையை மறந்துபோய் இடது கையால் நீட்டினால், "பீச்சாங்கையால குடுக்கிறியே" என்று வாங்காமல் நின்றவர்களும் உண்டு. துணி வெட்டும் கத்திரிக்கோல்கூட வலது கைக்கு வார்த்தது. அதை இடது கையில் பிடித்துப் பிடித்துக் கட்டைவிரலில் காய்ப்பு. தோப்புக்கு வந்த பிறகுதான் அந்தக் கையை யாரும் எதுவும் சொல்லவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் கடையைப் பூட்டிவிட்டு வர ஆரம்பித்தார்.

வருடத்துக்கு ஒருமுறை கிளப்பில் ஒரு தேர்வு வைப்போம். நாற்பது குண்டு, நானூறு புள்ளி. முந்நூற்று நாற்பது எடுத்தவரை மாநிலப் போட்டிக்கு அனுப்புவோம். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. "ஒரே ஒரு தடவை சார், இந்தக் கையால ஒரு சர்டிபிகேட் வாங்கிரணும்" என்பார். அப்போது வயது நாற்பத்து நான்கு.

முதல் வருடம் கிளப் துப்பாக்கியில் முந்நூற்று முப்பத்தாறு. குறை சொல்ல நியாயமும் இருந்தது. மலிவுத் துப்பாக்கியின் பின்பக்க மரக்கட்டையில் கன்னம் பதிய ஒரு மேடு உண்டு. வலது கைக்காரருக்காகச் செய்தது என்பதால் அது இடப்பக்கம் இருக்கும். இவருக்கு மேடு வேண்டிய பக்கம் மொட்டை. கன்னம் ஓரிடத்தில் உட்காராது. கண்ணும் ஓரிடத்தில் நிற்காது. அதே ரகத்தில் சொந்தமாக ஒன்று வாங்கி, ரவிக்கைத் தோளுக்கு வைக்கும் பஞ்சுத் திண்டு இரண்டை மொட்டைப் பக்கத்தில் ஒட்டி, மேலே பூப்போட்ட துணியால் உறையும் தைத்து மாட்டினார். இரண்டாம் வருடம் அந்தத் துப்பாக்கியில் முந்நூற்று முப்பத்தேழு.

அவர் வீட்டுக்காரர் சகாயராஜ் பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரர். "மயிலச் சுடக் கூடாது, குரங்கச் சுடக் கூடாது, காயிதத்தச் சுடுறதுக்கா இம்புட்டுப் பாடு?" என்பார். முப்பத்தேழு வந்த அன்று, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றும் சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டில் வெஞ்சனம் கிடையாது, வெறும் ரசம்.

பிறகுதான் அந்த எட்டு மாதம். பேகம்பூரில் அப்துல் லத்தீப் பாய் என்று ஒரு ஆசாரி. கட்டில், பீரோ செய்கிறவர். இருக்கிற துப்பாக்கியிலேயே வலப்பக்கம் ஒரு தேக்குத் துண்டை ஒட்டி இழைத்துத் தருவதாகச் சொன்னார். கோயம்புத்தூரில் இன்னொருவர் ஆள் அளவுக்குத் துப்பாக்கிக் கட்டை செதுக்கிக் கொடுப்பவர், இடக்கைக்கும் செய்வார். மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், செலவும் கையைக் கடிக்கும். திங்கட்கிழமை பாய் பக்கம் சாய்வார். வியாழக்கிழமை கோயம்புத்தூர்ப் பக்கம்.

"செஞ்சே வாங்குங்கம்மா. உங்க பலகையில என்ன எழுதியிருக்கு?" என்று கடைசியில் நானே கேட்டுவிட்டேன்.

மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "செலவு கெடக்கட்டும் சார், சீட்டு போட்டுக் கட்டிருவேன். ஆனா எனக்கே எனக்குன்னு செஞ்சு வந்ததுக்கப்புறமும் முந்நூத்து நாப்பது வரலேன்னா? இப்ப துப்பாக்கி மேல பழி. அப்ப யாரு மேல?"

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஆள் கிளப்பில் நான் ஒருவன்தான். சொந்த அளவுக்குத் துப்பாக்கி வந்த நாளிலிருந்து நான் வெளிச்சத்தின் மேல் பழி போட்டேன். கொஞ்ச நாள் மூக்குக்கண்ணாடி மேல், அப்புறம் குண்டு டப்பா மேல். வேண்டுகிறவனுக்குச் சாக்கா கிடைக்காது? இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், "வரும்மா, கண்டிப்பா வரும்" என்றேன். உள்ளதைச் சொன்னால், என்னைப் போல் இன்னொரு ஆள் துணைக்குக் கிடைக்கட்டும் என்ற அற்ப ஆசையும் அதில் இருந்தது.

செபாஸ்தியம்மாள் ஆர்டர் கொடுத்தார்.

கோயம்புத்தூர்க்காரர் வாட்சப்பில் அனுப்பிய படத்தில் பதினொரு அளவு கேட்டிருந்தது. இருபத்தாறு வருடம் ஊரையே அளந்தவருக்குத் தன்னை அளக்க ஆளில்லை. கடைசியில் சகாயராஜ் டேப்பைப் பிடிக்க, அந்தம்மா கை காட்டிக் காட்டி அளவை வாங்கினார். அளவெல்லாம் சரியாகத்தான் வந்தது. எழுதும்போதுதான் பழக்கம் குறுக்கே வந்தது. எந்தத் தையல்காரரும் எடுத்த அளவுக்கு அப்படியே வெட்டமாட்டார். தையலுக்கு என்று கொஞ்சம் விட்டுத்தான் வெட்டுவார். அதிலும் மேலே கனத்த கோட்டு வேறு போடப்போகிறோம், லூசாக இருக்கட்டும் என்று, தோளில் முட்டும் கட்டை நீளத்தில் ஒரு இஞ்ச் கூட்டி எழுதிவிட்டார். கோட்டு கனத்தால் கட்டை குறைய வேண்டும் என்பது துணியில் இல்லாத கணக்கு.

கோயம்புத்தூர்க்காரருக்கே சந்தேகம் வந்து போன் பண்ணினார். "ஏனுங்கம்மா, இந்த நீளம் சரிதானுங்களா? ஆள் ஒசரத்துக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாத் தெரியுதுங்க."

"நான் இருபத்தாறு வருசமா அளவெடுக்கிறவ தம்பி."

அவர் எழுதிக் கொடுத்தபடியே செதுக்கிவிட்டார். என்னிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தம்மா கேட்கவில்லை, நானும் காட்டச் சொல்லவில்லை.

தேர்வுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது துப்பாக்கி வந்தது. பாலிஷ் போட்ட கட்டை, வலப்பக்கம் அழகான மேடு. கன்னத்தை வைத்ததும் அந்தம்மாவுக்குக் கண் கலங்கியது. "என்னைய நெனச்சு ஒருத்தன் செஞ்சிருக்கான் சார்" என்றார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு தோளில் வைத்தார். குதிரையை எட்ட விரல் நுனி மட்டுமே போயிற்று. கழுத்தை முன்னால் நீட்டியபடி, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்க்கிறவர் மாதிரி நின்றார்.

நான் சிரித்துவிட்டேன். அது தப்புதான். அவர் துப்பாக்கியை இறக்கிக் கட்டையின் முனையைத் தடவிப் பார்த்தார். அப்புறம் மெல்ல, "தையலுக்கு விட்டேன் சார்" என்றார்.

ஆக, அளவு கொடுத்துச் செய்த துப்பாக்கி ஆல்டரேஷனுக்காக சகாயராஜின் ஆட்டோவில் ஏறிப் பேகம்பூர் போயிற்று. அப்துல் லத்தீப் பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யம்மா, நான் ஒட்டித் தாரேன்னப்ப வேணாம்னீங்க. இப்ப புதுசக் கொண்டாந்து அறுக்கச் சொல்றீங்க. எனக்கு மனசே வரல."

"அறுங்க பாய். அதிகமா இருக்கறத வெட்டிரலாம். கொறச்சலா இருந்தாத்தான் வம்பு."

பாய் முனகிக்கொண்டே அறுத்து, முனையை இழைத்து, பாலிஷும் தடவிக் கொடுத்தார். இப்போது துப்பாக்கி அந்தம்மாவின் உடம்போடு சேர்ந்துகொண்டது. பயிற்சியில் முந்நூற்று நாற்பத்தொன்று, நாற்பத்து மூன்று என்று போட்டார். நான் மனதுக்குள் அவரை மாநிலப் போட்டிக்கு ரயிலேற்றியே விட்டேன்.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடித்து நேரே வந்தார். சகாயராஜ் ஆட்டோவைத் தென்னை மரத்தடியில் நிறுத்திவிட்டு, ஏதோ சவாரிக்குக் காத்திருப்பவர் போல் உள்ளே பார்க்காமலே உட்கார்ந்திருந்தார். குண்டுக்கு ஒரு அட்டை என்று நாற்பது அட்டை. புள்ளி எண்ணிப் போடுவது என் வேலை. முப்பத்தாறு குண்டு வரை அத்தனை நேர்த்தி, அடுத்த இரண்டு எட்டு, முப்பத்தொன்பதாவது ஏழு, கடைசி எட்டு.

கூட்டினேன். முந்நூற்று முப்பத்தொன்பது. மறுபடி கூட்டினேன். துப்பாக்கி மாறியும் அந்த முப்பது அவரை விடவில்லை.

அந்த முப்பத்தொன்பதாவது அட்டையைத் தனியே எடுத்தேன். துளை எட்டாம் கோட்டுக்கு ஒட்டினாற்போல் இருந்தது. கோட்டைத் துளி தொட்டாலும் எட்டு என்பது விதி. எட்டு என்றால் முந்நூற்று நாற்பது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தொடவில்லை. ஆனால் பூதக்கண்ணாடி என்னிடம்தானே இருக்கிறது, பேனாவும் என்னிடம்தானே இருக்கிறது? நான் ஒன்றும் அரிச்சந்திரனுக்கு வாரிசு இல்லை.

அவர் பக்கத்தில் வந்து நின்றார். நான் குரலைத் தாழ்த்தி, "தொட்ட மாதிரிதாம்மா தெரியுது. எட்டுன்னு எழுதிரவா?" என்றேன்.

அட்டையை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். அவருக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை.

"தொடல சார். எடவெளி தெரியுது."

"காத்து ஒரு வீச்சு அடிச்சுதும்மா அப்ப. ஓலை ஆடினத நானே பாத்தேன். அத ஒரு காரணமா..."

"காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. முப்பத்தாறு குண்டு முடிஞ்சதும் இனி நாப்பது வந்துரும்னு உள்ளுக்குள்ள எண்ணிட்டேன். எண்ணினதும் அவசரம் வந்துருச்சு. வெடுக்குன்னு இழுத்துட்டேன்." இடது கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "இதுக்கு முன்னாடி குண்டு தள்ளிப் போனா ஏன் போச்சுன்னே தெரியாது சார். இந்தத் துப்பாக்கியில கை வெலகினது எனக்கே தெரிஞ்சுது. கை மேலயும் பழி இல்ல, கட்டை மேலயும் பழி இல்ல. நான் பண்ணின தப்பு, அம்புட்டுத்தான்."

சொல்லும்போதே கண்ணில் நீர் வழிந்தது. ஆனால் முகம் அழுகிற முகமாக இல்லை. பிறந்ததிலிருந்து அந்தக் கையைத்தான் எல்லோரும் குற்றம் சொல்லியிருக்கிறார்கள். அவர் பதிலுக்குக் கத்திரிக்கோலையும் துப்பாக்கியையும் குற்றம் சொல்லியிருக்கிறார். எல்லோரும் செய்கிற சாதாரணத் தப்பு ஒன்றைச் செய்ய நாற்பத்தாறு வயது வரை அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது. அதைவிட அதிகமாகப் பொறாமை வந்தது.

ஏழு என்றே எழுதினேன். ஆட்டோவிலிருந்து இறங்கி வந்த சகாயராஜ் மனைவியைக் கேட்கப் பயந்து என்னைக் கேட்டார்: "என்ன சார் ஆச்சு? துப்பாக்கி சரியில்லையா?"

"துப்பாக்கி நல்லாத்தாங்க இருக்கு" என்று அந்தம்மாவே முந்திக்கொண்டார். கோட்டுப் பொத்தானைக் கழற்றியபடி என் பக்கம் திரும்பினார். "சார், இன்னும் பத்து அட்டை மாட்டிக் குடுங்க. அவசரப்படாமச் சுட்டா எப்பிடி இருக்குன்னு பாத்துட்டு வாரேன்."