எழுமலையில் கிடைத்த தொடை எலும்பு

மதுரையிலிருந்து மேற்கே, மலை அடிவாரம் வரைக்கும் எங்கே தோண்டினாலும் புதைபடிவம் கிடைக்காது. அடியில் இருக்கும் பாறை, எலும்புள்ள பிராணிகள் பூமியில் தலைகாட்டுவதற்கு முன்பே வெந்து தணிந்தது. அதற்கு மேலே கிடப்பது நேற்றைய மண். இதெல்லாம் தெரிந்தும் புதைபடிவங்களைப் பற்றிப் படித்துவிட்டு மதுரையில் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். பெயர் செல்லக்கிளி, சொந்த ஊர் சோழவந்தான்.

என் அம்மா பாண்டியம்மாள் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளப் போனவர். எனக்கு வேதியியல் படிக்கத்தான் ஆசை. கல்லூரி வரிசையில் என் முறை வந்தபோது நிலவியலில் மட்டும்தான் இடம் மிச்சம் இருந்தது. சிறு வயதிலிருந்தே கற்கள் மேல் ஈடுபாடு என்று பின்னாளில் மேடைகளில் சொல்லியிருக்கிறேன், அது பொய். முனைவர் பட்டத்துக்காக அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் குவாரிகளில் ஐந்து வருடம் அலைந்தேன். ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்தது. அந்தக் கடலில் ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்து, கல்லாகிப் போன பிராணிகள்தான் என் பாடம். எலும்பைப் பற்றி எனக்குத் தெரிந்தது கறிக்கடையில் தெரிந்துகொண்டதுதான்.

1988இல் சென்னைத் தொலைக்காட்சியிலிருந்து கடிதம் வந்தது. பழங்கால உயிர்களைப் பற்றிப் பொதுமக்களுக்குப் புரியும்படி பத்து நிமிடம் பேச வேண்டும். கொடைக்கானலில் ஒளிபரப்புக் கோபுரம் எழும்பி, எங்கள் பக்கத்து வீடுகளில் சென்னை நிகழ்ச்சி தெரிய ஆரம்பித்திருந்த சமயம். என் கணவர் கண்ணுச்சாமி திருப்பரங்குன்றம் தபால் நிலையத்தில் வேலை பார்த்தார். தெருவில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தபாலோடு சேர்த்துச் செய்தியையும் அவரே பட்டுவாடா செய்துவிட்டார்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தில் மூன்று கேமராக்கள் நின்றன. எதில் சிவப்பு விளக்கு எரிகிறதோ அதைப் பார்த்துப் பேசுங்கள் என்று தயாரிப்பாளர் இரண்டு தடவை சொன்னார். நானும் இரண்டு தடவை தலையாட்டினேன். பேச ஆரம்பித்ததும் விளக்காவது ஒன்றாவது. வலது கோடியில் நின்ற கேமராக்காரர் நான் சொல்வதற்கெல்லாம் தலையசைத்துக்கொண்டிருந்தார். புரிந்து கேட்கும் ஒரு மனிதர் கிடைத்தாரே என்று பத்து நிமிடமும் அவருக்கே பாடம் நடத்தினேன். அவர் காதில் மாட்டியிருந்த கருவியில் வந்த உத்தரவுக்குத் தலையசைத்தார் என்பது முடிந்த பிறகுதான் தெரிந்தது. மறுபடி எடுக்க நேரம் இல்லை.

நிகழ்ச்சி வந்த அன்று அம்மா சோழவந்தானில் பஞ்சாயத்து டிவி முன்னால் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். மறுநாளே பஸ் ஏறித் திருப்பரங்குன்றம் வந்துவிட்டார்.

“கம்மல வச்சுத்தான்டி நீயின்னு கண்டுபிடிச்சேன். பத்து நிமிசமும் காதுதான் தெரிஞ்சுச்சு. பக்கத்துல நின்னு யாரும் வஞ்சுக்கிட்டு இருந்தாங்களா?”

யாரும் திட்டவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பவில்லை.

ஆனாலும் நாற்பத்து மூன்று கடிதங்கள் வந்தன. அதில் ஒன்று எழுமலையிலிருந்து, காசிமாயன் என்ற விவசாயி எழுதியது. இரண்டு வருடத்துக்கு முன்னால் வாங்கிய நிலத்தில் கிணறு வெட்டியதாகவும், ஏழடி ஆழத்தில் ஓர் ஆள் தூக்க முடியாத எலும்பு கிடைத்ததாகவும் எழுதியிருந்தார். கூடவே பென்சிலால் எலும்பின் படம், அளவுக்குப் பக்கத்தில் ஒரு மண்வெட்டி. மண்வெட்டிக் காம்பை விட எலும்பு நீளமாக இருந்தது.

இந்த இடத்தில் நான் படித்த படிப்பு குறுக்கே வந்து நின்றிருக்க வேண்டும். எழுமலை மண்ணில் டைனோசர் இருக்க வாய்ப்பே இல்லை என்று முந்தின வாரம்தான் வகுப்பில் சொல்லியிருந்தேன். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்ததும், விதி என்றிருந்தால் விலக்கும் இருக்கும்தானே என்று தோன்றியது. புதுப் பிராணியைக் கண்டுபிடித்தவர் தன் பெயரையே அதற்கு வைத்துக்கொள்வது வழக்கமில்லை. அதனால் காசிமாயன் பெயரை லத்தீனாக்கி ஒரு நோட்டில் நாலைந்து விதமாக எழுதிப் பார்த்தேன். பிறகு எலும்பை நேரில் பார்ப்பதற்கு முன்னாலேயே, தயாரிப்பாளருக்கு டிரங்க் கால் போட்டு, முக்கியமான ஒன்று கிடைத்திருக்கிறது, கேமராவோடு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த மடத்தனங்களை வரிசைப்படுத்தினால் இதற்குத்தான் முதலிடம்.

ஒரு வியாழக்கிழமை காலையில் டிவி வேன் எழுமலை போய்ச் சேர்ந்தது. ஊரே கிணற்றங்கரையில் கூடியிருந்தது. காசிமாயனுக்கு முப்பது வயதிருக்கும். சலவைச் சட்டை போட்டு, எலும்பையும் கழுவித் துடைத்து, கட்டிலில் வேட்டி விரித்துப் படுக்க வைத்திருந்தார். உண்மையிலேயே பெரிய எலும்பு. ஒரு நுனியில் பந்து போல உருண்டிருந்தது. இந்த முறை சிவப்பு விளக்கைச் சரியாகப் பார்த்து, இது பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு மாபெரும் விலங்கின் தொடை எலும்பாக இருக்கலாம் என்றேன். 'கலாம்' என்பதை மெதுவாகச் சொன்னேன்.

அப்போது பக்கத்து நிலத்துக்காரி ஒச்சாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். மகள் பிரசவத்துக்காகக் கம்பத்தில் இருந்துவிட்டு அன்றைக்குத்தான் ஊர் திரும்பியிருந்தாள். கட்டிலைப் பார்த்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

“டீச்சரம்மா, இது சர்க்கசு யானை. எனக்குக் கலியாணமான வருசம் பேரையூருக்கு நடத்திக் கூட்டிட்டுப் போகையில இங்கதான் விழுந்து செத்துச்சு. அப்ப இது தரிசு. எங்க வீட்டுக்காரரும் சேந்துதான் குழி வெட்டுனாரு.”

காசிமாயன் என்னைப் பார்த்தார். நான் எலும்பைப் பார்த்தேன். வேறு யாருக்காவது இது தெரியுமா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டேன். பிறகு பின்வரிசையில் நின்ற சிவனாண்டி என்பவர் தொண்டையைச் செருமினார்.

“நாலஞ்சு பேருக்குத் தெரியும்மா. சொல்லிட்டா டிவிக்காரவுக வரமாட்டாகளேன்னு கம்முன்னு இருந்துட்டோம்.”

தயாரிப்பாளர் கேமராவை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார். அவர் முகம் செத்துப்போயிருந்தது. சென்னையிலிருந்து ஆறு பேரை வரவழைத்திருக்கிறேன். எனக்குக் கிணற்றுக்குள் இறங்கிவிடலாம் போலிருந்தது. ஆனால் என்னை விட மோசமான நிலையில் காசிமாயன் இருந்தார். ஊருக்கு முன்னால் சலவைச் சட்டையோடு நின்றவர், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

“அது பொய்யின்னா, நெசமான பழைய எலும்ப எப்புடித்தான் கண்டுபிடிக்கிறது டீச்சர்?”

அந்த நாளில் கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வி அதுதான். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. தயாரிப்பாளரிடம் போய், நிறுத்தாதீர்கள், இதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன் என்று கெஞ்சினேன். உங்கள் மானம்தான் போகும் என்றார் அவர். அது போய்க் கால் மணி நேரம் ஆகிவிட்டது என்றேன்.

ஒச்சாயி வீட்டு அடுப்பிலிருந்து ஒரு சட்டியில் தணல் வந்தது. எலும்பின் ஓரத்திலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்துத் தணலில் போட்டேன். சற்று நேரத்தில் முடி கருகும் நாற்றம் கிளம்பியது. எல்லோரும் மூக்கைப் பிடித்தார்கள். உயிரோடு இருந்தபோது எலும்புக்குள் இருந்த சத்து இன்னும் மிச்சம் இருப்பதால்தான் நாறுகிறது, கல்லாகிப் போன எலும்பில் அது ஏறக்குறைய அற்றுப்போயிருக்கும், இப்படி நாறாது என்று கேமராவைப் பார்த்துச் சொன்னேன். என் கைப்பையில் அரியலூரில் எடுத்த கல்லான ஓடு ஒன்று எப்போதும் இருக்கும். அதில் ஒரு துணுக்கை உடைத்துத் தணலில் போட்டேன். அது சும்மா கிடந்தது. ஒச்சாயி குனிந்து மோந்து பார்த்துவிட்டு, ஒண்ணுமே வரலையே என்றாள். பிறகு, எலும்பைப் பார்க்கும் முன்னாலேயே பெயர் வைக்கத் துணிந்த கதையையும் நானே சொன்னேன். காசிமாயன் பெயரின் லத்தீன் வடிவத்தைக் கேட்டு ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நான் பேசியதிலேயே ஜனங்கள் உருப்படியாகப் பார்த்த நிகழ்ச்சி அதுதான். அதற்குப் பிறகு தயாரிப்பாளர் ஆறு வாரத் தொடருக்குக் கூப்பிட்டார். ஒவ்வொரு வாரமும் ஒரு பொய்ப் புதைபடிவம், ஒரு மெய்ப் புதைபடிவம். பொய்கள் எனக்குத் தபாலிலேயே வந்து குவிந்தன. டைனோசர் முட்டை என்று உருண்டைக் கல் மட்டும் பதினேழு. கல்லூரியில் என்னை யானை டீச்சர் என்று கூப்பிட்டார்கள். முன்னால் அவர்கள் என்னை எந்தப் பெயரிட்டும் கூப்பிட்டதில்லை என்பதால் நான் அதைப் பதவி உயர்வாகவே எடுத்துக்கொண்டேன்.

தொடரின் கடைசி வாரத்தை அரியலூர்க் குவாரியில் எடுத்தார்கள். காசிமாயனையும் ஒச்சாயியையும் வரச்சொல்லியிருந்தேன். உசிலம்பட்டியில் பஸ் பிடித்து, திருச்சியில் மாறி, புளியோதரைப் பொட்டலத்தோடு வந்து இறங்கினார்கள். அழகான ஓடு ஒன்றைக் கேமரா முன்னால் எடுத்துக் காட்ட வேண்டும் என்று காலையிலிருந்து சுத்தியலோடு நான் பாறையைக் கொத்திக்கொண்டிருந்தேன். துண்டு துண்டாகத்தான் வந்தது. மதியம் சாப்பிட உட்கார இடம் தேடிய ஒச்சாயி, ஒரு கல்லைப் புரட்டித் தள்ளிவிட்டு, “டீச்சர், இதுல சுருட்டையா என்னமோ இருக்கே, வேணுமா?” என்றாள்.

சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு, நுனி கூட உடையாமல் இருந்தது. என் ஐந்து வருட ஆராய்ச்சியில் அப்படி ஒன்று எனக்குக் கிடைத்ததே இல்லை.

கேமராக்காரர் ஓடி வந்தார். யார் கண்டெடுத்தது என்று கேட்டார். பொய் சொல்ல ஒரு நொடி எனக்கு ஆசை வந்தது. பிறகு ஒச்சாயியைக் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தி, எந்த விளக்கைப் பார்க்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன்.