அத்தையின் கையில் ஒட்டிய பட்டன்

தையல் கூடத்தில் அத்தைக்கு 'சரவெடி' என்று பெயர். பள்ளிச் சீருடைகளுக்குத் துணி வெட்டுவது அவள் வேலை. துணியை அடுக்கடுக்காக மேஜையில் பரப்பி வெட்டு மெஷினைத் தள்ளிக்கொண்டு போனாளானால், ஓரம் ஒரு நூல்கூடப் பிசகாது. ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எதற்காவது வெடிப்பாள். உடனே எல்லாரும் வாசலுக்குப் போய்விடுவார்கள். தனியாக விட்டால் தானே அடங்கும் என்பது அங்கே எழுதாத சட்டம்.

வீட்டிலும் அதே சட்டம்தான். எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஊரிலிருந்து வந்து அவள் வீட்டில் தங்கித்தான் படித்தேன். அவள் குரல் உயர்ந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவுவதிலும் நான் முதல் வகுப்பு.

பல வருடமாக இன்சுலின் போடுகிறவள். போன வாரம் டாக்டர் அவள் மேல்கையில் பட்டன் அளவுக்கு ஒரு சென்சாரை ஒட்டிவிட்டார். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று அது ஓயாமல் அவள் போனுக்குச் சொல்லும். என் போனுக்கும் வரும்படி செய்திருந்தேன்.

"ஊசி போட்டுக்கிறது நான், வேவு பாக்கிறது நீயாடா?" என்று சிரித்தாள்.

நேற்று ஆபீஸில் என் போன் அலறியது. சர்க்கரை ஐம்பத்திரண்டு. எழுபதுக்குக் கீழே போகக் கூடாது. பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்பு. அத்தையைக் கூப்பிட்டேன்.

"எவன்டா அவன்? வைடா போனை!"

வழக்கமாக வைத்திருப்பேன். இந்த முறை அடுத்த தெருவிலிருந்த கூடத்துக்கு ஓடினேன். வாசற்படியில் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க தம்பி, சரவெடி கொளுத்தியாச்சு. அடங்கட்டும், அப்புறம் போலாம்" என்றார் இஸ்திரி போடும் அண்ணன்.

உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அத்தையின் முதுகு வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கத்தி கோட்டை விட்டு விலகி, துணியை அழுத்தியிருந்த அவள் இடது கையை நோக்கி நகர்ந்தது. பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

"தொடாத! வெளிய போடா!" என்று கத்தினாள். அந்தக் கண்கள் என்னைப் பார்க்கவே இல்லை.

சர்க்கரை இறங்கினால் குடிக்க டாக்டர் வைத்துக்கொள்ளச் சொன்ன பழரசம் மேஜை டிராயரில் மூடி திறக்காமல் கிடந்தது. தட்டிவிட்ட கையைப் பிடித்துக்கொண்டு மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தேன். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்தாள்.

"மெஷினை யாருடா நிறுத்தினது?" என்றாள் சாதாரணமாக.

போனில் அந்த வாரத்துச் சர்க்கரைக் கோட்டைத் திறந்தேன். அவள் வெடித்த ஒவ்வொரு வேளையிலும் கோடு பள்ளத்தில் கிடந்தது. எட்டிப் பார்த்த அண்ணனின் முகம் வெளுத்தது.

"அப்போ அந்த நேரத்துலதான் நாங்க வெளிய போயிடுவோமா? இத்தனை வருஷமா?"

அத்தை அவரைப் பார்த்துச் சொன்னாள்.

"திட்டினது எனக்கு ஞாபகமே இருக்காதுப்பா. நிமிந்து பாத்தா ஒருத்தரும் இருக்க மாட்டீங்க. சரி, டீக்குப் போயிருக்காங்கன்னு நெனச்சுக்குவேன்."

இன்று மறுபடி வெடித்தாளாம். அண்ணன் பழரசத்தோடு ஓடியிருக்கிறார்.

"யோவ், நூத்தி முப்பது இருக்குய்யா! இது நெசக் கோபம். இஸ்திரி போடச் சொன்னா காலரைக் கருக்கி வச்சிருக்கே!"

திட்டு முடியும்வரை ஒருவரும் வாசலுக்குப் போகவில்லையாம்.