மீன்பாடி வண்டிக்கு வாதாடிய கதை

லா காலேஜ் இரண்டாம் வருடத் திமிர் எனக்கு. போன மாதம் மயிலாப்பூர் மாடவீதியில், எங்கள் தெரு செல்வம் அண்ணன் சாமான் ஏற்றிப் பிழைக்கும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியை, இங்கே சரக்கு வண்டிக்குத் தடை என்று டிராஃபிக் போலீஸ்காரர் மடக்கிவிட்டார்.

"தொழில் செய்யறது அடிப்படை உரிமை சார்! தடுக்க முடியாது!" என்று சீறினேன்.

"நியாயமான கட்டுப்பாடு போடலாம்னு அதே ஆர்ட்டிகிள்ல கீதே தம்பி, உன் புக்குல அந்தப் பக்கம் கிழிஞ்சிடுச்சா?" என்றார். கூட்டமே சிரித்தது.

"நைனா, நீ பேசிக்கினே இரு, என் வண்டி ஸ்டேஷனுக்குப் போவுது!" என்று அலறினார் அண்ணன்.

பதறிப்போய் கம்பத்திலிருந்த தடைப் பலகையைப் பார்த்தேன். காலை எட்டிலிருந்து பதினொன்று வரைதான் தடை! அப்போது மணி பதினொன்றே கால்!

"சார், இப்ப எந்தக் கட்டுப்பாடு?"

வாட்சைப் பார்த்தவர், வண்டியை விட்டுவிட்டார்!

இப்போதெல்லாம் முதலில் பலகையைக் கடைசி வரி வரை படிக்கிறேன். அரசியல் சட்டமெல்லாம் அப்புறம்தான்.