பெயர் மறைத்த பில்

அரசுக் காப்பீட்டில் மருத்துவர்களின் பில்களை மருத்துவர்களே சரிபார்க்கிறோம். யாருடைய பில் என்று தெரியாதபடி பெயரை மறைத்துவிடுவார்கள். தி.நகர் அலுவலகத்தில் எதிர் மேஜை டாக்டரம்மா ஒருநாள் பொரிந்தார்: "நொச்சிக்குப்பம் பேஷன்ட், சாதாரண குடலிறக்க ஆபரேஷன். எதுக்கு இவ்ளோ நாள் பெட்டு? வெட்டிட்டேன்."

எனக்குச் சுரீரென்றது. அது என் பில். வீட்டுக்கு அனுப்பினால் மறுநாளே வலை இழுக்கப் போய்விடுவார் என்றுதான் அந்த மீனவரை வார்டிலேயே பிடித்து வைத்திருந்தேன். இதை அங்கே சொல்ல விதி இடம் தராது. ஆஸ்பத்திரி வழியாக, பெயர் போடாமல் விளக்கம் எழுதி அனுப்பினேன்.

அடுத்த வாரம் டாக்டரம்மா மெதுவடையைப் பிட்டுக்கொண்டே சொன்னார்: "விளக்கம் வந்துச்சு, அந்த நொச்சிக்குப்பம் பில்ல பாஸ் பண்ணிட்டேன். பாவம், நல்ல மனுஷன் சார் அந்த டாக்டர். உங்கள மாதிரி கறார் இல்ல."

நான் இன்னொரு வடை எடுத்துக்கொண்டேன்.