எஞ்சின் நம்பர் கேட்காத நாடு

ஊரைவிட்டு வந்து இந்த நாட்டில் நான் கார் ஓடத் தொடங்கி முப்பது வருடமாகப் போகிறது. பொலிஸ் என்னை மறித்திருக்கிறது. வேகத்துக்காக மறித்திருக்கிறது, பின் லைற் எரியாததற்காகவும் மறித்திருக்கிறது. ஆனால் ஒருவராவது எஞ்சினை மூடியிருக்கிற பொனற்றைத் திறக்கச் சொன்னதில்லை. குனிந்து சுகம் விசாரிப்பார்கள், லைசென்ஸை வாங்கிப் பார்ப்பார்கள், இந்த நாள் இனிதாகட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போய்விடுவார்கள். என் கையோ தன்பாட்டில் பொனற் இழுக்கிற பிடியைத் தேடும். முதல் தடவை மறித்தபோது அதை இழுத்தே விட்டேன். காரில் ஏதோ பழுது என்று நினைத்த பொலிஸ்காரர், கட்டியிழுக்கிற ட்ரக்கைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். இல்லை, நீங்கள் பார்ப்பதற்காகத் திறந்தேன் என்றேன். எதைப் பார்க்க என்றார். நான் இறங்கிப் பொனற்றை மூடினேன்.

எங்கள் மோர்னிங்சைட் வீட்டுக் கராஜில் ஒரு பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது. இரண்டே இருக்கைகள், மடித்துவிடக்கூடிய துணிக் கூரை. காலமெல்லாம் மற்றவர்களுடைய லொறி ஓடிச் சம்பாதித்த நான் பல வருடத்துக்கு முன் ஆசைக்கு வாங்கியது. எங்கள் சனத்துக்கு இரண்டு இருக்கைக் கார் என்பது கிட்டத்தட்ட ஒரு மரியாதைக் குறைவு. செத்தவீடு, கலியாணவீடு என்று எங்கே போனாலும் யாரையாவது ஏற்றிக்கொண்டு போகிற ஆட்கள் நாங்கள். "பூசைக்குப் போகேக்க வாற அன்ரிமாரை எங்க இருத்துறது? டிக்கிக்குள்ளேயோ?" என்று கேட்டாள் என் மனைவி ஜசிந்தா. அந்தக் காருக்குள் இன்னும் பலமான எஞ்சின் ஒன்று வைக்கப்போகிறேன் என்று நான் சொன்னபோது அவள் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"செய்யுங்கோ," என்றாள் கடைசியில். "ஆனா முதல்லயே ஒரு தொகையைச் சொல்லுங்கோ. அதுக்கு மேல ஒரு சதம் போனாலும் காரை அப்பிடியே வித்துப்போடவேணும். ஓமோ?"

ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது?

குமார் மட்டக்களப்புக்காரன். ஸ்காபரோவில் கார் திருத்துகிற சின்னக் கராஜ் ஒன்று வைத்திருக்கிறான். எனக்கு எட்டு சிலிண்டர் எஞ்சின்மேல்தான் கண். அவன் கூடாது என்று மண்டையை ஆட்டினான். "அண்ணை, அவ்வளவு பாரத்தை முன்னுக்கு வைச்சா இந்தக் கார் வளைவில திரும்பாது, நேர றோட்டில மட்டும்தான் ஓடலாம். பாரமில்லாத நாலு சிலிண்டர் ஒண்டு பாப்பம். அடிபட்ட கார்ல இருந்து, குறைய ஓடினதா." எனக்குக் கொஞ்சம் முகம் கறுத்துத்தான் போனது. ஆனால் விலையைக் கேட்டதும் சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டிருக்கக் கூடாது. எஞ்சின் விலை முழுச் செலவில் மூன்றிலொரு பங்குதான் என்பதை அவன் அதற்குப் பிறகுதான் சொல்லத் தொடங்கினான். "மறுகா கியர்பொக்ஸ். மறுகா எஞ்சினைத் தாங்கிற பிடியள். மறுகா வயறிங், அதுக்கொரு கொம்பியூட்டர். மறுகா பெரிய றேடியேற்றர். இவ்வளவு வேகத்துக்குப் பழைய பிறேக் காணாது." மட்டக்களப்பில் 'மறுகா' என்றால் 'பிறகு'. அந்த மாதம் முழுக்க அந்தச் சொல்லைக் கேட்டாலே என் கை பேர்ஸைத் தொட்டுப் பார்க்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே, எதிர்பாராத செலவுக்கு ஐந்திலொரு பங்கை ஒதுக்கச் சொன்னான். எதிர்பாராததற்குக் காசு ஒதுக்குவது எங்களுக்குப் பழக்கமில்லாத வேலை. ஊரில் எதிர்பாராதது மட்டும்தான் நடந்தது. வந்தபோது சமாளித்தோம். இருந்தாலும் ஒதுக்கினேன். குமாரிடம் சொல்லாமல் நானாக இன்னொன்றையும் சேர்த்தேன். 'கந்தோர்ச் செலவு', அதாவது அரசாங்க அலுவலகத்தில் ஆகிற செலவு. எஞ்சின் நம்பர் மாறுகிறதல்லவா, பதிவை மாற்றவேண்டும், கட்டணம் இருக்கும், பரிசோதனை இருக்கும், யாராவது சட்டத்தரணியின் கடிதம்கூடக் கேட்கக்கூடும். மற்ற எல்லா வரியையும் குறைக்கச் சொல்லி நின்ற ஜசிந்தா இந்த வரியை மட்டும் பார்த்துவிட்டு, "உது காணுமோ? கூட்டிப் போடுங்கோ," என்றாள்.

அவளும் அங்கிருந்து வந்தவள்தானே.

எங்கள் அப்பா யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய இங்கிலீஷ் காரை வாடகைக்கு ஓடினவர். யுத்தத்தால் பெற்றோல் இல்லாத காலத்தில் எல்லோரையும்போல அவரும் மண்ணெண்ணெயில் ஓட்டினார். துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. ஓடி ஓடி எஞ்சின் செத்துப்போனது. வெளிநாட்டுக்குப் போன ஒருவர் அதே மாதிரிக் கார் ஒன்றை வளவுக்குள் விட்டுப்போயிருந்தார். அந்த எஞ்சினை அப்பா நியாயமான விலைக்கு வாங்கிப் போட்டார். காரின் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் நம்பரை மாற்றக் கொழும்புக்குப் போகவேண்டும். பாதை பூட்டியிருந்தது. பாதை திறக்க மாற்றலாம் என்றிருந்தார். அதற்குள் இராணுவம் வந்தது, சந்திக்குச் சந்தி சோதனை நிலையமாகச் சென்றி வந்தது. ஒருநாள் சென்றியில் பொனற்றைத் திறக்கச் சொல்லி, எஞ்சின் நம்பரையும் புத்தகத்தையும் ஒத்துப்பார்த்தார்கள். ஒத்துவரவில்லை. பின்னேரம் அப்பா நடந்து வந்தார். கார் வரவில்லை. அதற்குப் பிறகு அவர் ஒரு வாகனமும் ஓடவில்லை.

ஆகவே இந்தக் கார் எனக்கு வெறும் வேகத்துக்கான ஆசை இல்லை. எஞ்சினை மாற்றிவிட்டு, அதை ஒரு மேசைக்கு முன்னால் போய்ச் சொல்லி, முத்திரை குத்துவித்துக்கொண்டு வரவேண்டும் என்று எனக்கு இருந்தது. அப்பாவுக்குக் கிடைக்காத முத்திரை அது.

ஊரில் செய்கிறபடியே, வாங்கிவைத்த எஞ்சினில் பொறித்திருந்த நம்பருக்கு மேலே வெள்ளைத்தாளை வைத்து, பென்சிலால் தேய்த்து, அச்சு எடுத்தேன். வேலைக்கு லீவு போட்டு, இஸ்திரி போட்ட சேட்டோடு பதிவுக் கந்தோருக்குப் போனேன். கவுண்டரில் இருந்த இளம்பெண் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கார் களவு போய்விட்டதா என்று கேட்டாள். இல்லை, எஞ்சின் மாறுகிறது என்றேன். நிறம் மாறுகிறதா என்றாள். இல்லை. புதியதும் பெற்றோலில்தான் ஓடுமா? ஓம். அப்படியென்றால் இங்கே செய்ய ஒன்றுமில்லை, காரின் அடையாளம் அதன் உடம்பில் இருக்கிற நம்பர்தான், உள்ளே எந்த எஞ்சின் என்று நாங்கள் எழுதிவைப்பதில்லை என்றாள். ஒரு முத்திரையாவது குத்தித் தரமுடியுமா என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

சந்தோஷம் வரவில்லை எனக்கு. கோபம்தான் வந்தது. அவள்மேல் இல்லை. இவ்வளவு சின்ன விஷயமா இது? ஒரு மனிதனின் பிழைப்பை நடுறோட்டில் பறித்துக்கொண்ட விஷயம், இங்கே யாரும் எழுதிக்கூட வைக்காத விஷயமா? கார்த் தரிப்பிடத்தில் கனநேரம் இருந்து அழுதேன். பிறகு குமாருக்குப் போன் எடுத்து, பழைய எஞ்சினை இறக்கத் தொடங்கு என்றேன்.

அரசாங்கம் கேட்காததையெல்லாம் இன்சூரன்ஸ் கேட்டது. எத்தனை குதிரை வலு, யார் பூட்டினார்கள், பிறேக் மாற்றினீர்களா என்று. ஒளிக்காமல் எல்லாம் சொன்னேன். கந்தோருக்கு ஒதுக்கியதில் பாதி அங்கே போனது. குமார் காரைக் கழற்றியபோது பெற்றோல் குழாய்கள் உக்கியிருந்தன. எதிர்பாராததற்கு ஒதுக்கியது, கந்தோர்க் காசின் மற்றப் பாதி, பிறேக்குக்கு வைத்தது எல்லாம் அதில் போனது. கடைசியில் பிறேக் வேலை மட்டும் மிச்சம், காசு இல்லை. பிறேக் இல்லாமல் ஓட நானும் விடமாட்டேன், குமாரும் விடமாட்டான். ஜசிந்தாவோ தொகையைக் கூட்டவிட மாட்டாள். பழைய எஞ்சின் விலைப்படவேண்டும், இல்லாவிட்டால் கார் போகவேண்டும் என்ற நிலை.

விளம்பரம் போட்டு இரண்டு கிழமை யாரும் வரவில்லை. பிறகு வடக்கே சட்பெரி நகரத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரர் பிக்கப்போடு வந்தார். அவரிடமும் இதே கார் இருந்தது, எஞ்சின் செத்துப்போய். பேரம் பேசவில்லை. நல்லாக ஓடியதா என்று மட்டும் கேட்டார். ஒருநாளும் என்னை றோட்டில் விட்டதில்லை என்றேன். பிக்கப்பில் கட்டி ஏற்றியபோது, யாரையோ பஸ் ஏற்றிவிடுவதுபோல நின்றேன். அந்தக் காசில் பிறேக் வந்தது. ஜசிந்தா கணக்கைப் பார்த்து, "ம்," என்றாள். தொகைக்குள்தான் முடிந்திருந்தது.

மே மாதத்து ஒரு ஞாயிறு காலை, புது எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது, சட்பெரிக்காரர் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். ஏரிக்கரையில் அவருடைய சிவப்புக் கார் நிற்கிறது. பொனற் திறந்திருக்கிறது. எனக்கு மனப்பாடமான அந்தச் சத்தம் கேட்கிறது. நம்பர் பொறித்த உடம்பு என்னிடம், இத்தனை வருடம் என்னைச் சுமந்த எஞ்சின் அங்கே. பூசைக்கு வெளிக்கிட்டு வந்து பக்கத்தில் ஏறிய ஜசிந்தாவுக்கு அதைக் காட்டினேன்.

"உண்மையில இப்ப எது எங்கட கார், சொல்லும் பாப்பம்?"

அவள் போனை வாங்கிக் காதோடு வைத்துக் கேட்டாள். பிறகு எங்கள் எஞ்சினையும் கேட்டாள்.

"ரெண்டும் ஓடுதெல்லே," என்றாள். "பிறகென்ன?"