போர்வைக்குள் மாறிய பவளம்

'பவளம் வீடு' நாடகத்திலிருந்து ஜெசிந்தாவை வெளியேற்றியவள் நான்தான். அவளுடைய தமையன் அல்ல. நெறியாளர் அல்ல. நான்!

நீங்கள் அந்த நாடகத்தைப் பார்த்திருப்பீர்கள். வேலணையில் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த ஒரு கல்வீட்டில், சனிக்கிழமைகளில் நாங்கள் எடுக்கும் நகைச்சுவைத் தொடர். யாழ்ப்பாணத்துக் கேபிள் தொலைக்காட்சியில் தொடங்கியது. இப்போது இணையத்திலும் போகிறது. கனடாவிலும் பிரான்சிலும் இருக்கும் சனம் சோற்றுக் கோப்பையோடு இருந்து பார்க்கிறது. சோம்பேறிப் புருசன் ஒருவன், அவனை ஏசியே பொழுது போக்கும் மனைவி பவளம், வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும் அயல்வீட்டு யோகம். இப்போது பவளம் நான். முன்பு நான் யோகம். பவளமாக இருந்தவள் ஜெசிந்தா.

எங்கள் நாடகத்தில் ஆட்கள் மாறுவது புதினமல்ல. நடிப்பவர்கள் கலியாணம் கட்டிப் போவார்கள், கோபித்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். யார் போனாலும் நெறியாளர் குணா அண்ணை அந்தப் பாத்திரத்தைக் கனடாவுக்கு அனுப்பிவிடுவார். பவளத்தின் மாமனார் போனார், தம்பி போனான், தபால்காரன்கூடப் போனான். சனத்துக்கு அதுவே பெரிய பகிடி. ஆனால் பவளத்தை எங்கே அனுப்புவது? பவளம் போனால் வீடே இல்லை...

ஜெசிந்தா எழுவைதீவுக்காரி. காலையில் படகேறி ஊர்காவற்றுறையில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் வருவாள். படப்பிடிப்புப் பிந்தினால் திரும்பிப் போகப் படகு இருக்காது. அந்த நாட்களில் எங்கள் வீட்டில்தான் தங்குவாள். என் அம்மா புட்டு அவித்துக் கொடுப்பா. நானும் அவளும் ஒரே அறையில் பாய் விரித்துப் படுப்போம். இதை நன்றாக நினைவில் வைத்திருங்கள். அவள் தங்கியது எங்கள் வீட்டில். வேறெங்கும் அல்ல.

அவளில் எனக்கு என்ன கோபம்? ஒரு கோபமுமில்லை... பொறாமைதான். வேறு பெயர் வைத்து உங்களை ஏமாற்ற மாட்டேன். நான் முன்பள்ளி ஆசிரியை. படித்தவள், வயதில் மூத்தவள், நாடகத்தில் அவளுக்கு முன்பே சேர்ந்தவள். ஆனாலும் சனம் சிரித்தது அவளுக்குத்தான். அவள் மீன் செதில் சுரண்டிக்கொண்டே, புருசனைப் பார்க்காமலே, முணுமுணுவென்று ஏசத் தொடங்குவாள். கடைசிச் சொல்லில் மட்டும் கண்ணைத் தூக்குவாள். கமெராக்காரரே வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார்.

ஒருநாள் ஊர்காவற்றுறைச் சந்தையில், லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பம் அவளைச் சுற்றிக்கொண்டது. நானும் பக்கத்தில்தான் நின்றேன். அந்த அம்மா தன் போனை என் கையில் தந்து, ஒரு படம் எடுத்துவிடச் சொன்னா. என்னை ஆரென்றே தெரியவில்லை! எடுத்துக் கொடுத்தேன். படம் நன்றாகத்தான் வந்தது.

அந்தக் கிழமையே அவளுடைய தமையன் பிரான்சிலிருந்து என்னை அழைத்தார். தங்கச்சி சில இரவுகளில் வீடு திரும்புவதில்லை என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். ஆசிரியை பொய் சொல்ல மாட்டா என்று நம்பி, எனது நம்பரை எங்கோ தேடிப் பிடித்து எடுத்திருக்கிறார். முன்பள்ளி விட்டுப் பிள்ளைகள் போய்விட்டார்கள். நான் கதிரைகளை அடுக்கிக்கொண்டு நின்றேன்.

"ரீச்சர், மறைக்காமல் சொல்லுங்கோ. படகைத் தவறவிட்ட நாளுகளிலை தங்கச்சி உங்கடை வீட்டிலையோ நிண்டவள்?"

ஓம் என்ற ஒரு சொல் போதும். ஒரே ஒரு சொல்! உண்மையும் அதுதான். என் வாயில் வந்தது அதுவல்ல.

"அதை என்னட்டைக் கேக்காதேங்கோ அண்ணை."

நான் பொய் சொன்னேனா? இல்லையே என்று எத்தனையோ தரம் எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். அவளைப் பற்றி ஒரு கூடாத சொல்லும் சொல்லவில்லையே... ஆனால் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் ஊரில் ஒரு பெண்ணைப் பற்றி விசாரிக்கும்போது இப்படிச் சொன்னால், அதற்கு மேல் எவரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

அவர், "விளங்குது ரீச்சர். நீங்கள் சொன்னதெண்டு ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்றார். நல்ல மனுசன். இன்றுவரை சொல்லவில்லை. அந்த நல்ல குணத்துக்குப் பின்னால்தான் நான் ஒளிந்திருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை ஜெசிந்தா வரவில்லை. அண்ணன் வேண்டாம் என்றுவிட்டாராம், காரணம் சொல்லவில்லையாம். குணா அண்ணை தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். நான் செய்து பார்க்கட்டுமா என்று கேட்டது நான்தான். கேட்க நாக்கும் கூசவில்லை!

குணா அண்ணை ஆளை எப்படி மாற்றினார் என்று உங்களுக்கு நினைவிருக்கும். பவளத்துக்குத் தடிமன். நொச்சி இலை போட்ட சுடுதண்ணிப் பானைக்கு முன்னால் போர்வையை மூடிக்கொண்டு ஆவி பிடிக்கிறாள். போர்வையை விலக்கினால் நான்! ஆவி பிடித்ததில் முகம் கொஞ்சம் அவிந்துபோச்சு என்கிறான் புருசன். உலகமெல்லாமிருந்து நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். யோகம் வழக்கம்போலக் கனடா போனாள்.

பழைய பவளம்தான் நல்லம் என்று சிலர் கொஞ்சக் காலம் எழுதினார்கள். பிறகு அதுவும் நின்றுபோனது.

என்னைக் கொல்வது வேறொன்று. எனக்குப் பவளத்தைச் சொல்லித் தந்ததே ஜெசிந்தாதான். போனில், மணிக்கணக்காக... "கண்ணைக் கடைசியிலைதான் தூக்கோணும் அக்கா. முதலே பாத்தால் சனம் சிரிக்காது." தன் சேலைகளைக்கூடப் படகில் வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். நான் அவற்றை உடுத்தேன்.

இப்போது களைத்துவிட்டேன். சனிக்கிழமைதோறும் அவளுடைய ஏச்சை ஏசி, அவளுடைய கண்ணால் பார்த்து, வீட்டுக்கு வந்தால் சாப்பிடவும் மனமில்லை. விட்டுவிடலாம்தானே என்று கேட்பீர்கள். விட மனமில்லையே! சந்தையில் இப்போது என்னைச் சுற்றியல்லவா நிற்கிறார்கள்...

போன மாதம் குணா அண்ணைக்கு ஒரு யோசனை வந்தது. ஒரே வீட்டில் இரண்டு பவளம், இரண்டு பேரும் ஒரே புருசனை ஏச வேண்டும். ஜெசிந்தாவிடம் கேட்டுவரும்படி என்னையே அனுப்பினார்.

படகேறிப் போனேன். அவள் முற்றத்தில் கருவாடு பிரட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்தாள். ஒரு பகுதியும் விடாமல் பார்க்கிறாளாம். இப்போது கண்ணை நான் சரியாகத் தூக்குகிறேனாம். விசயத்தைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. அடுத்த கணமே வாடியது.

"அண்ணன் என்னோடை கதைக்கிறேல்லை அக்கா. என்னை மறிச்ச நாளிலையிருந்து அம்மாவோடை மட்டுந்தான். அம்மா போனை என்னட்டைத் தந்தால் வைச்சுப்போடுவார். நான் என்ன பிழை விட்டனான் எண்டும் தெரியேல்லை."

நாடகம் மட்டும்தான் போனது என்று நினைத்திருந்தேன். கூடப்பிறந்தவனும் போய்விட்டானா? இத்தனை வருடமாக இவள் செய்யாத பிழையைத் தனக்குள்ளே தேடிக்கொண்டா இருக்கிறாள்?

அவள் என் கையைப் பிடித்தாள். ஈரமான கை.

"நீங்கள் ஒருக்கா அவரோடை கதையுங்கோ அக்கா. நீங்கள் ரீச்சர், உங்கடை சொல்லை அவர் தட்டமாட்டார்."

கதைக்கிறேன் என்று சொன்னேன். அவள் அழுதாள். நன்றி சொன்னாள். எனக்கு!

அவருடைய நம்பர் என்னிடம் இருக்கிறது. சொல்ல வேண்டியதும் ஒரே வரிதான்... அவள் எங்கள் வீட்டில்தான் தங்கினாள் என்று. சொன்னால், அப்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். அதற்கு என்னிடம் என்ன பதில் இருக்கிறது? அந்தப் பதிலைத்தான் இவ்வளவு நேரமும் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவரிடம் சொல்ல முடியவில்லை.

திரும்பி வந்து, ஜெசிந்தாவுக்கு நடிக்க விருப்பமில்லையாம் என்று குணா அண்ணையிடம் சொன்னேன். அவர் நம்பினார். என்னை எல்லோரும் நம்புகிறார்கள்.

இன்று சனிக்கிழமை. காலையில் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "அண்ணனோடை கதைச்சனீங்களோ அக்கா?" வாசித்தேன். அழைத்தே பார்க்காமல், போனை எடுக்கிறாரில்லை என்று பதில் போட்டேன். பிறகு சேலையை மாற்றிக்கொண்டு, மீன் செதில் சுரண்டப் போய் உட்கார்ந்தேன்.